அறுபத்து நான்கு நடுக்கட்டங்கள்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் மூன்று பேர். கடை முதலாளியான அவர், அவர் மனைவியான மதினி, ஏலக்காய் பொறுக்கும் பேச்சியம்மா. பக்கத்துக் கடைத் தையல்காரரும் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். காகிதம் வெட்டினால் கத்திரிக்கோல் மொன்னையாகிவிடும் என்று தர மறுத்துவிட்டுப் போயிருக்கிறார். இல்லாதவர்களும் மூன்று பேர். ஒன்று நான். போடிமெட்டுப் பாதையில் மழையில் மாட்டிக்கொண்ட லோடு ஜீப்புக்காகக் காலையிலேயே மலையேறியிருந்தேன். இன்னொருவர், யாருக்காக அந்தக் காரியம் நடந்ததோ அந்தச் சென்னைக்கார அம்மா. மூன்றாமவர் அந்தப் படங்களை வரைந்தவர். அவர் செத்துப் பல வருஷமாகிறது. எங்களில் ஒருவர் அங்கே இருந்திருந்தால்கூடப் பிளேடு அட்டையில் இறங்கியிருக்காது.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர். மார்க்கெட்டில் அவருக்குப் பட்டப்பெயர் 'உடைப்பு'. நேரிலேயே அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார், கோபப்பட மாட்டார். நான் அவர் கடையில் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதினேன். என் அம்மா ஜீப்பில் மலைக்குப் போய்க் காய் எடுக்கிறவள். அப்பா மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பட்டம் வாங்கிய கையோடு அவர் கடைக்குப் போனபோது சான்றிதழை நீட்டினேன். அதை வாங்கவே இல்லை. "இந்தத் தாளு என்ன சொல்லும்? ஒக்காரு. இன்னைக்கி வந்த காய்க்குக் கணக்குப் போடு, பாப்போம்" என்றார். சாயங்காலம் வரை போட்டேன். "சரி, உள்ளே அரிசி இருக்கு" என்றார்.

ஏலக்காய் வாங்குகிற எல்லோரும் ஒரு காயை நகத்தால் பிளந்து பார்ப்பார்கள். தோல் பச்சையாக மினுமினுக்கலாம். உள்ளே ஏலரிசி கறுத்துத் திரண்டிருக்கிறதா, சுருங்கிக் கிடக்கிறதா என்பது பிளந்தால்தான் தெரியும். மற்றவர்கள் அந்தப் பழக்கத்தை மார்க்கெட்டோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் போகும் இடமெல்லாம் கொண்டுபோனார். அவர் சொல்வது பொய்யாக இருக்கலாமோ என்று யாராவது லேசாக ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும். எதுவானாலும் அந்த இடத்திலேயே பிளந்து காட்டிவிடுவார்.

கடைக்கு ஒரு தேக்குப் பெஞ்சு செய்தார். பார்க்க வந்த இன்னொரு வியாபாரி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாயம் நல்லாப் பூசியிருக்கான்" என்று சொல்லிச் சிரித்தார். இவர் பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டார். ரம்பம் வரவழைத்து ஒரு காலை அடியில் ஓர் அங்குலம் அறுத்து அந்தத் துண்டை அவர் கையில் கொடுத்தார்.

"தேக்குதான்யா. ஒத்துக்கிறேன். நல்லா இருந்த பெஞ்ச இப்படி நொண்டியாக்கிப்புட்டியே."

"நொண்டியானாலும் தேக்கு நொண்டிய்யா" என்றார் இவர்.

அன்றிலிருந்து அந்தக் காலுக்கு அடியில் ஓர் ஓட்டுச்சில்லு கிடந்தது. உட்கார வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தச் சில்லைக் காட்டிக் கதையைச் சொல்வார்.

அவர் மகளின் நிச்சயத்தன்று நடந்ததை மதினி எத்தனை முறை சொன்னாலும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டுதான் சொல்வாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி பெண்ணின் வளையலைத் தூக்கிப் பார்த்து, "கனமாத்தான் இருக்கு, உள்ள அரக்கா இருக்கும்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்திருக்கிறாள். அது இவர் காதில் விழுந்துவிட்டது. உள்ளே போய்க் குறடு எடுத்து வந்து, பெண்ணின் கையிலிருந்து அந்த வளையலைக் கழற்றி, சபை நடுவில் இரண்டாக நறுக்கி, அந்தம்மாவின் மடியில் வைத்திருக்கிறார்.

"பாரு ஆத்தா. அரக்கு இருந்தா எடுத்துக் காட்டு."

"நான் எங்கய்யா ஒங்கிட்டக் கேட்டேன்?" என்று அந்தம்மா அழுதே விட்டாளாம்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பிறகு ஒருமுறை அந்தப் பெண் கடைக்கு வந்திருந்தபோது என்னிடம் சொன்னாள்: "அன்னைக்கு அந்தம்மா என்னையப் பத்தி ஒண்ணும் முணுமுணுக்கல தம்பி. பொழச்சேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் அது அத்தனை சிரிப்பாக இல்லை.

இப்படிப்பட்டவர் உடைக்காமல், நகம் படாமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. கடைக்கு மேலே மாடி அறையில், ஏலக்காய்க்கு அடிக்கிற மரப்பெட்டிகளில், கறுப்புத் தாள் சுற்றி அடுக்கிய அட்டைகள்.

பழைய நாளில் செய்தித்தாள்களில் தினம் ஒரு படக்கதை வரும். மூன்று கட்டம், மறுநாள் தொடரும். அந்தப் படங்களை ஓவியர் முதலில் பெரிய அட்டையில் மசியால் வரைவார். அச்சகத்தில் அதைப் படமெடுத்து அச்சடிக்கும் பிளாக் செய்துகொண்டால் அட்டையின் வேலை முடிந்துவிடும். பெரும்பாலும் குப்பைக்குப் போகும். அந்த அட்டைகளைத்தான் இவர் சேர்த்தார். மூட்டைக்கு உள்தாள் வாங்க மதுரையில் ஒரு பழைய பேப்பர் கடைக்குப் போனவர், தராசுத் தட்டுக்குக் கீழே முதல் அட்டையைப் பார்த்தாராம். தாளை வாங்காமல் அட்டையோடு பஸ் ஏறிவிட்டார்.

எனக்கு அதை முதல்முறை காட்டியபோது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொன்னார். ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தார்.

"இந்த ஆட்டப் பாரு. காலு எத்தன?"

"நாலுண்ணே."

"சாச்சுப் பாரு. அஞ்சு. அவசரத்துல ஒண்ணக் கூடப் போட்டுட்டான். அப்பறம் வெள்ளையடிச்சு மறச்சிருக்கான். பேப்பர்ல படிச்ச ஒருத்தனுக்கும் இது தெரியாது. ஒனக்கும் எனக்கும் தெரியும்."

சாய்ந்த வெளிச்சத்தில் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் அந்த ஐந்தாவது கால் தெரிந்தது. மசி ஊறிய இடம், நீலப் பென்சில் கோடு, ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. எங்கள் வீட்டில் தெரியாமல் ஒரு தாளை மிதித்துவிட்டால்கூட அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அந்த அறையில் நிற்கும்போது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. உடைக்கிற மனுஷனுக்கும் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஒன்று இருக்கிறது என்று நினைத்தேன்.

பல கதைகளின் உதிரி அட்டைகள் அவரிடம் இருந்தன. ஆனால் முதலிலிருந்து முடிவு வரை ஒரு நாள்கூட விடாமல் இருந்தது ஒரே கதைதான். ஒரு தலையாரியின் ஆடு காணாமல் போகிறது. அவன் மலை மலையாகத் தேடுகிறான். கடைசி நாளில் ஆடு அவன் வீட்டுக் கூரைமேலேயே நிற்கிறது. அறுபத்து நான்கு நாள் கதை, அறுபத்து நான்கு அட்டை. அதைச் சேர்க்க அவருக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

கடைசியாகக் கிடைத்த அட்டைக்கு நானும் கூடப் போனேன். பிளாக் செய்யும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் மகன் ராசிங்காபுரத்தில் இருந்தார். அவர் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவாக அந்த அட்டை அடிக்கப்பட்டிருந்தது.

"எதுக்குய்யா ஒமக்கு இது?" என்றார் வீட்டுக்காரர்.

"படம் பாக்க."

"படம் பாக்கவா? உள்ள டிவி ஓடுது, வந்து ஒக்காந்து பாரும்."

"இந்தக் கதவக் குடுங்க. வெல சொல்லுங்க."

"வெல கெடக்கட்டும். ராத்திரி கீரி வந்தா நீரா வந்து காவலுக்குப் படுப்பீரு?"

இவர் அங்கேயே ஓர் ஆசாரியை வரவழைத்து, கம்பிவலை போட்ட புதுக்கதவு ஒன்று செய்து மாட்டி, கோழிகளை உள்ளே விட்டுத் தாழ் போட்டுப் பார்த்த பிறகுதான் அட்டையை வாங்கினார். பஸ்சில் வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு, நான்கு மூலையிலும் இருந்த ஆணி ஓட்டைகளைத் தடவியபடி வந்தார். "நாலு ஓட்ட போட்டுட்டானே படுபாவி. கையி எப்படிடா வந்துச்சு அவனுக்கு?" ஒரு வாரம் இதையே சொன்னார்.

அட்டைகளில் அவர் கை வைக்கமாட்டார் என்று நான் நம்பியது அந்த ஒரு வாரத்தை வைத்துத்தான்.

மூன்று வருஷம் தொடர்ந்து மழை பலத்தது. மலையிலிருந்து இறங்கும் ஈரம் மாடி அறைக்குள்ளும் வந்தது. சில அட்டைகளில் பூஞ்சை பிடித்தது. பெங்களூரில் வேலை பார்க்கிற மகனிடம் யோசனை கேட்டார். "போன்ல படம் புடிச்சு வச்சுட்டு எடைக்குப் போட்டுருங்கப்பா" என்று அவன் சொல்லிவிட்டான். அன்று இரவு இவர் சாப்பிடவில்லை என்று மதினி சொன்னாள். மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கப்பறம் இது ஆளுக்கொரு பக்கமாப் போயிரும். அந்த ஆட்டுக் கத மட்டுமாவது ஒரே எடத்துல இருக்கணும். அதுக்கு ஒரு வீடு பாரு அப்பு."

பார்த்தேன். சென்னையில் ஓர் அறக்கட்டளை படக்கதைகளுக்கென்று ஒரு கூடம் கட்டிக்கொண்டிருந்தது. அதன் பொறுப்பில் இருந்த அம்மாவுக்கு எழுதினேன். முழுக்கதையும் குறைவில்லாமல் இருந்தால் வாங்கிக்கொள்வதாகவும், அறுபத்து நான்கையும் ஒரே சுவரில் வரிசையாக மாட்டுவதாகவும் பதில் வந்தது. இவர் அந்தப் பதிலை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். விலையைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. போனில் எடுத்த படங்களை அனுப்பினேன்.

அதற்கு வந்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது. படங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இவை பிற்காலத்து அச்சுப் பிரதிகளாகவும் இருக்கலாம் என்று குழுவில் ஒருவர் கருதுகிறார். அட்டைகளை நேரில் பார்த்த பிறகே முடிவு. அடுத்த மாதம் போடிக்கு வருகிறோம். மரியாதையான கடிதம்தான். வாசித்து முடித்தபோது அவர் கையிலிருந்த ஏலக்காய் பிளந்திருந்தது.

"அச்சா?" என்றார்.

"அப்படிச் சொல்லலண்ணே. வந்து பாக்குறேன்னுதான் சொல்றாங்க."

"அச்சுன்னு ஒருத்தன் நெனச்சுட்டான்ல?"

"அடுத்த மாசம் வந்தாத் தெரிஞ்சுறப் போகுது."

"ஒரு மாசம் என்னையப் பொய்யன்னு நெனச்சுக்கிட்டு இருப்பானா?"

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஜீப்புத் தகவல் வந்தது. மலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் முழுக்க நனைந்து வந்து சேர்ந்தேன். கடையில் சாமான்களை ஓரமாக ஒதுக்கி, பெரிய மேசையில் வெள்ளை வேட்டி விரித்திருந்தது. அதன்மேல் இரண்டு அடுக்குகள். ஒன்றில் ஆட்டுக் கதையின் இடதுகட்டங்கள், இன்னொன்றில் வலதுகட்டங்கள். ஒவ்வொரு அடுக்கின் மேலும் கனத்துக்கு ஒரு படிக்கல். பக்கத்தில் இரும்பு ஸ்கேல், ஒரு சவரப் பிளேடு. கட்டத்தின் கோட்டை ஒட்டி இம்மி பிசகாமல் வெட்டியிருந்தார். அவ்வளவு சுத்தமான வெட்டு. 

"என்னடா பேயறஞ்ச மாதிரி நிக்கிற? தலையத் தொவட்டு" என்றார்.

"நடுக்கட்டம் எங்கண்ணே?"

"சாம்பிள் போயிருச்சு. மத்தியானக் கூரியர்ல."

காரணத்தையும் அவரே சொன்னார். "ஒரு அட்டைய மட்டும் அனுப்புனா, அது நெசம், மத்தது அச்சும்பான். மூட்டைக்கு மூட்ட எடுத்தாத்தான் சாம்பிள். முழு லோடையும் அனுப்பிட்டு வெல பேசுறவன் யாவாரியா? மேல உள்ளது அலங்காரம், அடியில உள்ளது தூசி. நடுவுல எடுத்தாத்தான் நேர்ம. அறுவத்து நாலுலயும் நடுவுல எடுத்து அனுப்பியிருக்கேன். இப்பச் சொல்லட்டும் அச்சுன்னு."

"அண்ணே, நாலு ஆணி ஓட்டைக்கு ஒரு வாரம் தூங்காம இருந்தீகளே."

"அது சேதாரம்டா. சாம்பிள் எடுக்கிறது சேதாரமா? வெல முடிஞ்சா அங்கன ஒண்ணாச் சேத்து வச்சுக்கப் போறாக."

பேச்சியம்மா மூலையில் காய் பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். மதினி, "நாஞ் சொன்னேன், தம்பி வரட்டும்னு. கேட்டாத்தான" என்றாள்.  என்ன தவறு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தவறு என்று தெரிந்திருந்தது. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தும் சொல்ல முடியவில்லை. அந்தச் சமயத்தில் எங்களைப் பார்த்து அவர் உண்மையாகவே குழம்பினார்.

"ஏன், ஓரத்துக் கட்டத்த எடுத்திருக்கணுமோ?" என்றார்.

நான் கூரியர் அலுவலகத்துக்கு ஓடினேன். பை மதுரைக்குப் போய்விட்டது.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து போன் வந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று அவர் சத்தமாக வைக்கச் சொன்னார். அந்தம்மாதான் பேசினார். 

"ஐயா, இதோட மத்த ரெண்டு பக்கமும் எங்க இருக்கு?"

"இங்கதான் மேடம். பத்திரமா இருக்கு. எப்படி, அச்சா?"

"இல்லீங்க. கையால வரைஞ்சதுதான். சந்தேகமே இல்ல."

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். முகமெல்லாம் பூரித்திருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தில் அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"ஆனா இனிமே இத நாங்க வாங்க முடியாதுங்க ஐயா. முழுசா இருந்தது ஒங்ககிட்ட மட்டும்தான். இப்ப ஒலகத்துல எங்கயும் முழுசா இல்ல."

போனை நான்தான் அணைத்தேன்.  அவர் கல்லாவிலிருந்து எழுந்து போய் அடுக்கிலிருந்து ஓர் இடதுகட்டத்தையும் அதே நாளின் வலதுகட்டத்தையும் எடுத்து வேட்டியின் மேல் வைத்தார். நடுவில் ஒரு கட்டத்தின் அகலம் இடம் விட்டார். இடப்பக்கம் தலையாரி பாறைமேல் ஏறுகிறான். வலப்பக்கம் தரையில் கிடக்கிறான்.

"நடுவுல என்னடா இருந்துச்சு?" என்றார். "முப்பது வருசமாப் பாக்குறேன். இப்ப நெனப்பு வர மாட்டேங்குது."

எனக்கும் வரவில்லை. சென்னைக்கு அனுப்பிய படம் என் போனில் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.  மதினி பின்கட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து அந்தம்மாவே மறுபடி பேசினார். குழுவில் சொல்லிப் பார்த்திருக்கிறார். வெட்டிய அட்டைகளுக்கு விலை கொடுக்க அவர்களுடைய விதியில் இடமில்லை. ஆனால் பழைய காகிதங்களைச் செப்பனிடும் ஒரு பெண் சென்னையில் இருக்கிறாள். அவள் ஒட்டிக் கொடுத்து, இவரும் நன்கொடையாகத் தருவதாக இருந்தால் கூடத்தில் இடம் உண்டு. ஒட்டுகிற செலவு இவர் தலையில். வெட்டுத் தழும்பு எப்போதும் தெரியும்.

"ஒரே செவுத்துலயா?" என்று மட்டும் இவர் கேட்டார்.

"ஒரே சுவர்லதாங்க. வரிசையா."

"அப்ப ஒட்டச் சொல்லுங்க."

"வெல?" என்றாள் மதினி, போனுக்குக் கேட்காத குரலில்.

"கோழிக்கூண்டுல கெடந்ததுக்கு நாம கதவு செஞ்சு குடுத்தோம்ல. அவுக செவுரு குடுக்குறாக" என்றார்.

மற்ற இரண்டு அடுக்குகளையும் முன்னதாகவே அனுப்பிவிட்டு, சென்னைக்கு அவர், மதினி, நான் மூன்று பேரும் போனோம். அந்தச் செப்பனிடும் பெண் மெல்லிய தாளும் பசையும் வைத்து ஓர் அட்டையை ஒட்டிக் காய வைத்திருந்தாள். நடுக்கட்டம் தன் இடத்தில் இருந்தது. தலையாரி பாறையிலிருந்து கால் வழுக்கி ஆகாயத்தில் நின்றான். அவன் முண்டாசு மட்டும் தனியாகப் பறந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மயிரிழை போல ஒரு கோடு. அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நிக்குமா?" என்றார்.

"நிக்கும் சார். நூறு வருஷம்."

அவர் இரண்டு கையாலும் அட்டையின் இரண்டு ஓரத்தையும் பிடித்தார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சிரித்த முகத்தோடு நின்றாள். எனக்குப் புரிந்தது, இழுத்துப் பார்க்கப் போகிறார் என்று. வாயைத் திறப்பதற்குள் மதினி அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துவிட்டாள். அவள் அவரைத் தொட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"கைய எடுங்க" என்றாள். சத்தம் போடவில்லை. "அந்தப் புள்ள நிக்கும்னு சொல்லுதுல்ல."

 விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. அவர் அட்டையை விட்டார். மதினி அவர் மணிக்கட்டை விடவில்லை. பிடித்தபடியே வெளியே கூட்டிக்கொண்டு போய் வராந்தா நாற்காலியில் உட்கார வைத்தாள்.

நான் உள்ளே நின்று, மற்ற அறுபத்து மூன்றுக்கும் சேர்த்து ஒட்டுக்கூலியைப் பேசி முடித்தேன். விலை ஏறட்டும் என்று வைத்திருந்த காயை அந்த வாரமே, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத்தான் பணம் கட்டினார்கள். மூன்று லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய்.